தட்டு பறந்த பாதை – 9: கூடை நட்டவர்கள்

1977 ஆகஸ்ட் 2-ம் தேதி அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் எட் ஹெட்ரிக்குக்கு 4,039,189 என்ற எண்ணில் காப்புரிமை வழங்கியதோடு சென்ற பகுதியை நிறுத்தியிருந்தோம். ஒரு கம்பம், அதன் உச்சியிலிருந்து தொங்கும் சங்கிலிகள், கீழே ஒரு கம்பிக்கூடை. பறந்து வரும் தட்டு சங்கிலியில் மோதி, வேகம் இழந்து, கூடைக்குள் விழும். டிஸ்க் கோல்ஃப் என்றதும் இன்று கண்முன் வருவது அந்தக் கூடைதான். அதைக் கண்டுபிடித்தவரின் பெயர் இந்த விளையாட்டைப் பற்றிய எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. கூடையை மண்ணில் நட்டவர்களின் பெயர் பெரும்பாலும் எங்கும் இல்லை. குழி வெட்டியவர்கள், சிமென்ட் சுமந்தவர்கள், முட்புதர் வெட்டிக் கை கிழிந்தவர்கள், மழை அரித்த மண்ணை மறுபடி கொண்டுவந்து கொட்டியவர்கள் எனப் பல்லாயிரம் பேர் கூலி வாங்காமல் செய்த வேலை இது. இந்தப் பகுதி முழுவதும் அவர்களுக்கு.

புதிதாக இந்தத் தொடருக்குள் வருகிறவர்களுக்காக ஒரே பத்தியில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். கோல்ஃபில் பந்தை மட்டையால் அடித்துக் குழியில் தள்ளுவார்கள். இதில் ஃபிரிஸ்பி போன்ற தட்டைக் கையால் எறிந்து கூடையில் சேர்க்க வேண்டும். எறியத் தொடங்கும் இடம் எறிமேடை. அங்கிருந்து கூடைக்கு அறுபது மீட்டரும் இருக்கலாம், இருநூறு மீட்டரும் இருக்கலாம். தட்டு விழுந்த இடத்திலிருந்து அடுத்த எறி. குறைந்த எறிகளில் களத்தை முடிப்பவர் வெற்றி பெறுகிறார். ஒரு களத்தில் வழக்கமாக 9 அல்லது 18 கூடைகள் இருக்கும். கோல்ஃபுக்கு வேண்டிய பட்டுப் புல்வெளியோ பாசனமோ இதற்குத் தேவையில்லை. மரம், மேடு, பள்ளம், ஓடை எல்லாம் இருந்தபடியே ஆட்டத்தில் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் வேறு எதற்கும் உதவாது என்று நகராட்சிகள் ஒதுக்கி வைத்திருந்த காட்டோரங்களும், வெள்ளம் ஏறி இறங்கும் ஆற்றோரத் தாழ்நிலங்களும், மூடிய குப்பைமேடுகளும் இந்த விளையாட்டுக்குக் கிடைத்தன.

களம் கட்டுவது என்ற எண்ணமே பிற்காலத்தில் வந்ததுதான். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் பிளாட்வொர்த் என்ற சிற்றூர்ப் பள்ளிப் பிள்ளைகள் 1926-லேயே தகர மூடிகளை எறிந்து, தரையில் போட்ட வட்டங்களுக்குள் விழவைத்து ஆடியிருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டரில் ஜிம் பால்மேரியும் நண்பர்களும் 1970 முதல் மரத்தையும் விளக்குக் கம்பத்தையும் இலக்காக வைத்து ஆடினார்கள். இப்படி ஒரு விளையாட்டு வேறெங்கும் இருப்பது தெரியாமலேயே ஆடினார்கள். 1974-ல் அவர்கள் நடத்திய போட்டிக்குப் பரிசாக ஒரு புத்தம்புது டாட்சன் காரையே வைத்தார்கள். உற்சாகத்துக்குக் குறைவே இல்லை. ஆயினும் மண்ணில் எதுவும் ஊன்றப்படவில்லை. ஆடுகிறவர்கள் வீடு திரும்பிய பிறகு அந்தப் பூங்காவுக்கு வருகிறவருக்கு அங்கே ஒரு விளையாட்டு நடந்ததே தெரியாது. பிளாட்வொர்த் பிள்ளைகள் வளர்ந்ததும் அவர்களுடைய ஆட்டம் அவர்களோடு போயிற்று. அதைப் பார்த்து அடுத்த தலைமுறை தொடங்குவதற்கு அங்கே ஒரு கல்கூட இல்லை.

1975-ல் தெற்கு கலிஃபோர்னியாவின் லா கன்யாடா ஃப்ளின்ட்ரிட்ஜ் பகுதியில், நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்துக்குப் பக்கத்திலுள்ள ஓக் குரோவ் பூங்காவில், முதல் நிரந்தரக் களம் அமைந்தது. அப்போது ஹெட்ரிக் ஃபிரிஸ்பி தயாரித்த வாம்-ஓ நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் நட்டவை வெறும் கம்பங்கள். தட்டு கம்பத்தில் பட்டதா, உரசிக்கொண்டு போனதா என்று ஆடுகிறவர்களுக்குள் ஓயாத வாக்குவாதம். சங்கிலியும் கூடையும் பிறந்தது அந்த வாக்குவாதத்தைத் தீர்க்கத்தான். ஹெட்ரிக்கும் அவர் மகன் கென்னும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். ஓக் குரோவ் பூங்கா இன்று ஹஹமோங்னா என்ற பெயரில் பாசடீனா நகரத்தின் பொறுப்பில் இருக்கிறது. களமும் அங்கேயே இருக்கிறது, ஆட்டமும் நடக்கிறது.

ஹெட்ரிக் செய்த பெரிய காரியம் கூடையைக் கண்டுபிடித்தது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். என் கணிப்பில் அதைவிடப் பெரிய காரியம், இந்த விளையாட்டுக்கு ஒரு நிரந்தர விலாசம் வாங்கிக் கொடுத்தது. வரைபடத்தில் காட்டக்கூடிய, பேருந்து பிடித்துப் போய்ச் சேரக்கூடிய ஓர் இடம் கிடைத்துவிட்டது. நேற்று முதன்முதலாகத் தட்டைப் பிடித்த சிறுவனும் அங்கே போய் ஆடலாம். 1976-ல் அவர் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளில், 1980-களின் தொடக்கத்திலேயே, அதை ஆட்டக்காரர்களிடமே ஒப்படைத்துவிட்டார். தாம் தொடங்கியதைப் பிறர் கையில் விட்டுவிட்டு ஒதுங்கிநிற்கும் பெருந்தன்மை எல்லா நிறுவனர்களுக்கும் வாய்ப்பதில்லை.

விலாசம் வந்ததும் ஒரு கேள்வியும் கூடவே வந்தது. இதை யார் பார்த்துக்கொள்வது?

அமெரிக்க நகரப் பூங்காத் துறைகளுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை. புல் வெட்டுவார்கள், குப்பைத் தொட்டியைக் காலி செய்வார்கள், விழுந்த பெரிய மரத்தை அகற்றுவார்கள். காட்டுக்குள் நடக்கும், பார்வையாளர் கூட்டம் இல்லாத, கட்டண வருமானம் இல்லாத ஒரு விளையாட்டுக்குத் தனியாக ஆள் போட அவர்களிடம் பணம் கிடையாது. அதனால் ஊருக்கு ஊர் ஓர் உடன்பாடு உருவானது. சில இடங்களில் அது எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம், பல இடங்களில் வாய்வார்த்தை. நிலம் நகராட்சியுடையது, உழைப்பு ஆடுகிறவர்களுடையது. அரசு வெட்டிய ஏரிக்கும் ஊர்க்காரர்களே ஆண்டுதோறும் கூடிக் கரை கட்டி, மதகு பார்த்து, வாய்க்கால் தூர்வாரிய நம் குடிமராமத்தை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு விளங்கும். அங்கே வயலுக்குத் தண்ணீர் வந்தது. இங்கே கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்.

ஒரு களம் எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். இந்த வரலாற்றின் சாரமே அதில்தான் இருக்கிறது.

முதல் வேலை நடப்பது. இடத்தைத் தேர்ந்தவர்கள் இலையுதிர்ந்த பனிக்காலத்தில் காட்டுக்குள் போவார்கள். கோடையில் பச்சை மூடியிருக்கும்போது நிலத்தின் மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரியாது. ஈரமான இடம் எது, வழுக்கும் சரிவு எது, முதிர்ந்த மரங்கள் எவை, மக்கள் நடைப்பயிற்சி செய்யும் பாதை எங்கே குறுக்கிடுகிறது என்று பார்த்துப் பார்த்து வண்ண ரிப்பன் கட்டிக்கொண்டு போவார்கள். தட்டு பறக்கும் திசையில் நடைபாதையோ, குழந்தைகள் விளையாடும் இடமோ, வண்டி நிறுத்துமிடமோ இருக்கக்கூடாது. இது ஒன்றில் தவறினால் மற்ற எல்லாச் சிறப்பும் வீண். வலக்கைக்காரர் ஒருவர் வழக்கமான முறையில் எறிந்தால் தட்டு கடைசியில் இடப்பக்கம் சாய்ந்து இறங்கும். இடக்கைக்காரருக்கு நேரெதிர். எல்லாக் கூடைகளும் ஒரே பக்கம் வளைந்தால் ஒரு சாராருக்கு அநியாயம். ஆகவே இடமும் வலமும் நேரும் கலந்து வர வேண்டும், ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வர வேண்டும், கடைசிக் கூடை வண்டி நிறுத்தியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் முடிய வேண்டும். கையில் தட்டோடு பலமுறை எறிந்து பார்த்து, ரிப்பனை அவிழ்த்து, பத்தடி தள்ளி மறுபடி கட்டுவார்கள்.

அடுத்தது அனுமதி. பூங்காக் குழுவின் கூட்டங்களில் உட்கார்ந்து, வரைபடம் காட்டி, அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களின் அச்சங்களுக்குப் பதில் சொல்லி, காப்பீடு பற்றிய கேள்விகளைச் சமாளிக்க வேண்டும். மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவர்கள் பலர் உண்டு. மாதக்கணக்கில் கூட்டத்துக்குக் கூட்டம் போய்ப் பொறுமையாகப் பேசுகிறவர்கள் கொஞ்சம்தான். களம் கிடைத்த ஊர்களில் எல்லாம் அப்படி ஒருவராவது இருந்திருக்கிறார்.

பிறகு மரமும் புதரும். எந்த மரத்தை வெட்டலாம், எந்தக் கிளையை மட்டும் கழிக்கலாம் என்பதைப் பூங்காத் துறை சொல்லும். இயந்திர ரம்பத்தைப் பயிற்சி பெற்றவர் மட்டுமே தொடலாம் என்பது பல ஊர்களில் விதி. மற்றவர்களுக்கு அரிவாள், கைரம்பம், கத்தரி. அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலக் காடுகளில் பக்தார்ன், ஹனிசக்கிள் என்ற அயல்நாட்டுப் புதர்கள் அடர்ந்து, உள்ளூர்ச் செடிகளை மூச்சுத் திணறடிக்கின்றன. அவற்றை வேரோடு பிடுங்குவது களத்துக்கு வழி திறக்கும், காட்டுக்கும் நல்லது. கை கால் முழுக்க மூடி உடுத்தினாலும் விஷப் படர்கொடி உரசித் தோல் தடித்துப் போவதும், உண்ணி கடிப்பதும் தப்பாது. காயம் பட்டால் நகரம் பொறுப்பில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பலரும் வேலைக்கு இறங்குகிறார்கள்.

அதன் பின் எறிமேடை. இதுதான் உடம்பை முறிக்கும் வேலை. ஓடிவந்து எறிகிறவரின் கால் வழுக்காமல் இருக்கக் கான்கிரீட் மேடை வேண்டும். 5 அடி அகலம், 12 அடி நீளம், 4 அங்குலக் கனம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மேடைக்கு 20 கன அடி கான்கிரீட். அங்கே கடைகளில் சிமென்ட், மணல், ஜல்லி மூன்றும் கலந்த உலர்கலவை மூட்டையாகக் கிடைக்கும். 80 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 36 கிலோ மூட்டை ஒன்றிலிருந்து 0.6 கன அடி கான்கிரீட்தான் தேறும். ஒரு மேடைக்கு 34 மூட்டை, 18 மேடைக்கு 600 மூட்டை. எடை கிட்டத்தட்ட 22 டன். கலவை லாரி போகும் இடம் என்றால் பாக்கியம். காட்டுக்குள் லாரி போகாது. சாலையோரத்தில் இறக்கி, தள்ளுவண்டியிலும் வாளியிலும் தோளிலும் ஏற்றி, வேர் தடுக்கும் ஒற்றையடிப் பாதையில், சில இடங்களில் ஓடையைக் கடந்து கொண்டுபோக வேண்டும். தண்ணீரும் சுமந்துதான் போக வேண்டும். பலகை அடித்து, மட்டம் பார்த்து, கலவை ஊற்றி, இறுகும் முன் மேற்பரப்பைத் துடைப்பத்தால் இழுத்துச் சொரசொரப்பாக்குவார்கள். வழவழப்பாக விட்டால் மழைநாளில் ஆளைத் தள்ளிவிடும். வாரம் ஐந்து நாள் அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்திருப்பவர், பள்ளி ஆசிரியர், தச்சர், ஓய்வுபெற்ற தபால்காரர், கல்லூரி மாணவி என்று இப்படிப்பட்டவர்கள்தான் சனிக்கிழமை காலையில் வந்து இதைச் செய்கிறார்கள்.

கூடை நடுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கூடைக் கம்பத்தை நேரடியாகக் கான்கிரீட்டில் புதைப்பதில்லை. குழியில் ஒரு இரும்புக் குழாயை நிறுத்தி, அதைச் சுற்றிக் கான்கிரீட் போடுவார்கள். கம்பம் அந்தக் குழாய்க்குள் இறங்கும், ஒரு பூட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு கூடைக்கும் இரண்டு மூன்று இடங்களில் இப்படிக் குழாய் பதித்து வைத்தால், சில மாதங்களுக்கு ஒருமுறை கூடையைப் பெயர்த்து வேறிடத்தில் நிறுத்தலாம். ஆட்டம் மாறும் என்பது ஒரு நன்மை. மிதிபட்ட நிலம் மூச்சுவிட்டுப் புல் முளைக்க நேரம் கிடைக்கும் என்பது அதைவிடப் பெரிய நன்மை. இந்த இரண்டாவது நன்மையின் அருமை ஓர் இழப்புக்குப் பிறகுதான் பலருக்கும் உறைத்தது. அதற்கு வருகிறேன்.

பணத்துக்கு என்ன செய்தார்கள்? ஒரு கூடைக்கே சில நூறு டாலர் ஆகும். ஊரிலுள்ள பீட்சாக் கடை, பல் மருத்துவர், வண்டிப் பட்டறை என்று ஒவ்வொருவரிடமும் போய் ஒரு கூடையின் செலவை ஏற்கச் சொல்வார்கள். எறிமேடை அருகே நிற்கும் பெயர்ப்பலகையில் தூரம், வரைபடம் இவற்றின் கீழ் அந்தக் கடையின் பெயர் வரும். களத்தின் சின்னம் பொறித்த தட்டுகளை விற்பார்கள். போட்டி நடத்தி நுழைவுக் கட்டணத்தில் மிச்சம் பிடிப்பார்கள். வாம்-ஓ 1979-ல் ஹன்டிங்டன் பீச்சில் 50,000 டாலர் பரிசுப் போட்டி நடத்தியபோது, பெரும் பணம் இந்த விளையாட்டைத் தேடி வந்துவிட்டது என்று பலர் நம்பினார்கள். அந்த வேகம் நீடிக்கவில்லை. அடுத்த முப்பது ஆண்டுகள் இந்த விளையாட்டை நகர்த்தியது உள்ளூர்க் கழகங்களின் உண்டியல்தான்.

அந்த ஆண்டுகளின் சிறந்த எடுத்துக்காட்டு கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் நகரத்திலுள்ள டிலாவேகா களம். 1984-ல் டாம் ஷாட் முன்னின்று அமைத்தது. கடலைப் பார்த்த மலைச்சரிவு, ஓக் மரங்கள், செங்குத்தான பள்ளங்கள். அதன் உச்சியிலிருந்து எறியும் 27-ம் கூடைக்கு ‘உலகத்தின் உச்சி’ என்று பெயர். கீழே பசிபிக் கடல் தெரியும். உலகெங்குமிருந்து ஆட்டக்காரர்கள் அங்கே போகிறார்கள். மலைச்சரிவுக் களம் என்பதால் ஒவ்வொரு மழைக்காலமும் அது கொஞ்சம் கீழே வழிந்து போகிறது. படிக்கட்டு கட்ட வேண்டும், மரக்கட்டை வைத்து மண்ணைத் தடுக்க வேண்டும், நீர் ஓடும் வழியைத் திருப்ப வேண்டும். நாற்பது ஆண்டுகளாக உள்ளூர்க் கழகத்தார் அதைச் செய்துவருகிறார்கள். அவர்கள் கைவிட்டிருந்தால் அந்த உச்சிக்கு ஏறப் பாதையே இருந்திருக்காது.

கட்டுவதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. முதல் கூடையில் முதல் சங்கிலிச் சத்தம் கேட்கும் நாளில் ஊரே கூடும். பராமரிப்புக்கு அந்தக் கவர்ச்சி கிடையாது. ஆனாலும் ஒரு களத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது அதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். புதிய கான்கிரீட்டை ஊற்ற நாற்பது பேர் வருவார்கள். ஐந்து ஆண்டு கழித்து, எறிமேடையின் முன்விளிம்பில் மண் அரித்து அரையடி பள்ளம் விழுந்திருக்கும்போது அதை நிரப்ப வருகிறவர் நான்கு பேர். அந்த நான்கு பேர் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பெரும்பாலும் எப்போதும் அதே நான்கு பேர்.

1983-ல் ஒரு திருப்பம். டேவ் டனிபேஸ் வடிவமைத்து இன்னோவா நிறுவனம் வெளியிட்ட ‘ஈகிள்’ தட்டு வந்தது. பழைய ஃபிரிஸ்பியின் விளிம்பு மழுங்கலானது. ஈகிளின் விளிம்பு சரிவாகச் செதுக்கியது, காற்றைக் கிழித்துக்கொண்டு நெடுந்தூரம் பறந்தது. ஃபிரிஸ்பியை மனத்தில் வைத்துக் கட்டிய களங்கள் ஒரேயடியாகச் சிறுத்துப்போயின. எறிமேடைகளைப் பின்னுக்குத் தள்ள வேண்டியிருந்தது, அதாவது மறுபடி குழி, மறுபடி சிமென்ட். வேகமான கடினத் தட்டுகள் மரப்பட்டையை முன்பைவிட ஆழமாக வெட்டின. ஒரு தட்டு என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். எறிமேடைக்கு முப்பதடி முன்னால் நிற்கும் ஒரு மரத்தில் நாளொன்றுக்கு நூறு தட்டு பட்டால், சில ஆண்டுகளில் ஒரு பக்கப் பட்டையே உரிந்துவிடும்.

இனி டெக்சாஸ் மாநிலத் தலைநகர் ஆஸ்டினுக்கு வருவோம். 1875-ல் முன்னாள் ஆளுநர் எலிஷா பீஸ் குடும்பம் நகரத்துக்குக் கொடுத்த நிலம்தான் பீஸ் பூங்கா. ஷோல் கிரீக் ஓடையை ஒட்டி, முதிய ஓக் மரங்களோடு, நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது. அங்கே 1980-களின் இறுதியில் ஒரு டிஸ்க் கோல்ஃப் களம் வந்தது. கட்டணமில்லை, எல்லாருக்கும் எட்டும் தூரம், பல்கலைக்கழகம் பக்கத்தில். கூட்டம் பெருகிக்கொண்டே போனது. விடியற்காலை முதல் இருட்டும்வரை ஆள் மாற்றி ஆள் ஆடினார்கள். இடம் குறுகலானது, ஓடைக்கும் சாலைக்கும் நடுவே ஒரு பட்டை நிலம். கூடையை மாற்றி மாற்றி வைத்து நிலத்துக்கு ஓய்வு கொடுக்கவும் அங்கே வழியில்லை. புல் போயிற்று. மிதிபட்ட மண் இறுகிக் கல்லானது. இறுகிய மண்ணில் மழைநீர் இறங்காமல் மேலாக வழிந்து ஓடைக்குள் மண்ணைக் கொண்டுபோனது. மரங்களின் வேர்கள் வெளியே தெரிந்தன, அடிமரங்களில் தட்டு வெட்டிய காயங்கள். சில்வியா டிரெண்டஃபிலோவா என்ற ஆய்வாளர் ஆஸ்டின் களங்களின் நிலத்தை அளந்து பார்த்து, மண் இறுகுவதையும் தாவரப் போர்வை குறைவதையும் 2011-ல் எழுதினார். அதே ஆண்டு டெக்சாஸைக் கடும் வறட்சி தாக்கியது. 2011 முடியும்போது நகரம் பீஸ் பூங்காக் களத்தை மூடிவிட்டது. அதற்கு ஈடாக நகரத்தின் கிழக்கே ராய் குவரேரோ பூங்காவில், கொலராடோ ஆற்றை ஒட்டி, வேறொரு களம் வந்தது.

இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே ஆடியவர்களுக்கு அது பேரிழப்பு. முதல் தட்டு எறிந்த இடம், நண்பர்களைக் கண்டெடுத்த இடம். அவர்களுடைய வருத்தத்தை மதிக்கிறேன். என்றாலும் நகரம் செய்தது சரி. நூற்றாண்டு மரங்களை மறுபடி வாங்கிவர முடியாது. விளையாட்டு ஒரு நிலத்தில் விருந்தாளிதான். விருந்தாளி வீட்டைச் சிதைத்தால் வெளியேறத்தான் வேண்டும்.

மற்ற ஊர்க் கழகங்களுக்கு பீஸ் பூங்கா ஒரு பாடமானது. அதற்கு முன்பே இதை உணர்ந்து வேலை செய்தவர்களும் இருந்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் களம் அமைக்க உள்ளூர்க் கழகம் பல ஆண்டு போராடி, 2000-களின் நடுவில் அனுமதி பெற்றது. நகரத்தின் மிக அருமையான பூங்கா அது, மரங்களைப் பற்றி மக்களுக்கு உயிர்க்கவலை. நிலத்தை நாங்கள் காப்போம் என்ற வாக்குறுதியே அவர்களுடைய விண்ணப்பத்தின் உயிர். கூடைகளை இடம் மாற்றுகிறார்கள், படர்கொடியை அகற்றுகிறார்கள், மிதிபடும் இடங்களில் எல்லாம் மரச்சில்லுகளைப் பரப்புகிறார்கள்.

இந்த மரச்சில்லு பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். நகரத்தில் வெட்டிய மரங்களையும் கிளைகளையும் இயந்திரத்தில் போட்டு நொறுக்கினால் கிடைப்பது. மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர்களுக்கு அதைக் கொட்ட இடம் வேண்டும், களத்துக்கு அது தங்கம். கூடையைச் சுற்றியும், மரத்தடியிலும், பாதையிலும் நான்கு அங்குலக் கனத்துக்குப் பரப்பினால் காலடியின் எடை நேராக மண்ணில் இறங்காது, ஈரம் காயாது, வேர் மறையும். மட்கி மண்ணாகவும் ஆகும். மட்கிப்போவதால்தான் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி கொட்ட வேண்டும். எறிமேடைக்கு அருகே நிற்கும் மரங்களின் முன்னால் மரத்தூண்களை நட்டுத் தட்டை அவை வாங்கிக்கொள்ளும்படி செய்வார்கள். சரிவுகளில் குறுக்குக் கட்டை வைத்து நீரின் வேகத்தைத் தணிப்பார்கள். இவற்றில் ஒன்றுகூட ஆட்டத்தின் புள்ளிக்கணக்கில் வராது. இருந்தும் ஒரு கழகம் நல்ல கழகமா என்று அறிய நான் முதலில் பார்ப்பது இவற்றைத்தான். அங்கே எத்தனை வெற்றிக் கோப்பைகள் இருக்கின்றன என்பது அப்புறம்.

அமெரிக்காவுக்கு வெளியே இந்த உழைப்பு வேறு வேறு உருவம் எடுத்தது. டொராண்டோவின் தீவுப் பூங்காவில் 1980-லேயே களம் வந்துவிட்டது. பின்லாந்தின் முதல் களம் 1983-ல் ஹெல்சிங்கியின் மெய்லாஹ்தியில் அமைந்தது. பின்லாந்தில் ஊர்க்காரர்கள் ஒரு நாள் கூடிப் பொதுவேலை செய்து, சேர்ந்து சூப் குடித்துக் கலையும் பழைய வழக்கம் உண்டு. அதற்குத் தல்கூத் என்று பெயர். அறுவடைக்கும் வீடு கட்டவும் கூடியவர்களின் பேரப்பிள்ளைகள் கூடை நடவும் அப்படியே கூடினார்கள். நகராட்சிகளும் இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான மலிவான, நல்ல விளையாட்டு என்று கண்டு துணைநின்றன. இன்று அந்தச் சிறிய நாட்டில் பேருந்து போகும் ஊரில் எல்லாம் களம் இருக்கிறது என்று சொல்லுமளவுக்கு அது பரவிவிட்டது. ஆறு முறை உலகச் சாம்பியனான பால் மெக்பெத், இந்த விளையாட்டில் பெரும் பணம் ஈட்டிய முதல் ஆட்டக்காரர்களில் ஒருவர். அவர் தொடங்கிய அறக்கட்டளை மெக்சிகோ போன்ற நாடுகளில், களமே இல்லாத ஊர்களில், இலவசக் களங்கள் அமைக்க உதவுகிறது. அங்கும் குழி வெட்டுவது உள்ளூர்க் கைகள்தான்.

2020-ல் கோவிட் வந்தது. உடற்பயிற்சிக் கூடங்கள் மூடின, குழு விளையாட்டுகள் நின்றன. திறந்தவெளியில், தள்ளி நின்று, தனியாகவும் ஆடக்கூடிய இந்த விளையாட்டுக்கு மக்கள் திரண்டார்கள். 2019-ல் சுமார் 53,000 ஆக இருந்த சங்க உறுப்பினர் எண்ணிக்கை 2021-ல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. உறுப்பினராகாமல் ஆடுகிறவர்கள் அதைப்போல் பல மடங்கு. தட்டு விற்ற கடைகளுக்குக் கொண்டாட்டம். களத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நான்கு பேருக்கு வேலை பல மடங்கானது. பத்தாண்டில் தேய வேண்டிய புல் ஒரு கோடையில் தேய்ந்தது. புதிதாக வந்தவர்களில் பலருக்கு இந்தக் களத்தை ஆடுகிறவர்களே பார்த்துக்கொள்கிறார்கள் என்பதே தெரியாது. நகராட்சி ஊழியர் செய்கிறார் என்று நினைத்தார்கள். அது அவர்கள் குற்றமல்ல. நன்றாகப் பராமரித்த களத்தில் பராமரித்தவரின் கை தெரியாது. யாராவது சொல்ல வேண்டும். வேலை நாள் எது என்பதைக் களத்தின் முகப்புப் பலகையிலேயே எழுதிப் போட்ட கழகங்கள் புதியவர்களைச் சேர்த்துக்கொண்டன. எழுதாதவர்கள் களைத்துப்போனார்கள்.

இன்று உலகத்தில் 15,000-க்கு மேற்பட்ட டிஸ்க் கோல்ஃப் களங்கள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் ஆடக் கட்டணம் கிடையாது. டொராண்டோவிலோ ஆஸ்டினிலோ சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்திலோ உங்கள் பிள்ளைகள் இருந்தால், அவர்களைப் பார்க்கப் போகும்போது பக்கத்துப் பூங்காவில் சங்கிலிக்கூடை இருக்கிறதா என்று பாருங்கள், ஆடுங்கள். எறிமேடையில் ஏறும் முன் பலகையில் வேலை நாள் எது என்று படித்துவிட்டு, அந்தச் சனிக்கிழமை ஒரு மண்வெட்டியோடு போய் நில்லுங்கள். பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

(தொடரும்)